ஒருநாள் நகர் காண்டல்

நகர் காணும் விருப்பம் தமிழர்க்கு நேற்றுத் தோன்றியதன்று. மாங்குடி மருதனார் 782 அடிகளில் மதுரைக்காஞ்சி பாடினார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் பட்டினப்பாலை பாடினார். முன்னது மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் கண்முன் நிறுத்துகின்றது. பின்னது காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறுவனவும் இறங்குவனவுமாகிய பண்டங்களைத் தொகுத்துக் காட்டுகின்றது. சிலப்பதிகாரத்திலோ ‘ஊர்காண் காதை’ என ஒரு காதையே உளது. இத்தகைய மரபின் வழிவந்த நாம் இந்நாளில் ஒரு பெருநகரை எவ்வாறு காண்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

எம்மூரினின்று சென்னை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். காட்பாடியில் விடியற்காலை வண்டி ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல் நிலையம் சேரலாம். இரவு உணவிற்கு விடுதி திரும்பிவிடலாம். ஆதலின் விடுமுறை நாட்களில் மாணவர் பலர் சென்று வருகின்றனர். அவர் கண்டு வருவன யாவை? வணிக மாளிகை ஒன்று, திரைப்படம் ஒன்று, கடற்கரை, கைப்பேசி நிறையப் படங்கள். இவற்றை யாம் பழிக்க வந்திலோம். இளமைக்கு இவையும் வேண்டும். ஆயினும் இவற்றொடு நின்றுவிட்டால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. நகரம் பொருளுடையார்க்கே உரியது என்னும் எண்ணம் ஒன்று. தன் ஊர் யாதுமில்லாத ஊர் என்னும் இகழ்ச்சி மற்றொன்று. சிற்றூரினின்று முதன்முதலாகக் கல்லூரி புகுந்த மாணவர் உள்ளத்தில் இவ்விரண்டும் ஆழப் பதிந்துவிடுகின்றன.

சென்ற ஆண்டு யாமும் பொருளியல் பயிலும் நண்பர் ஒருவரும் ஒருநாள் சென்னை சென்றிருந்தோம். நண்பர் நெசவாளர் குடியில் பிறந்தவர். நகரத்தை அதற்குமுன் கண்டிலர். வணிக மாளிகை ஒன்றன் வாயிலில் எமக்கு முன்னும் பின்னும் பலர் தடையின்றிப் புகுந்தனர். காவலர் எம் நண்பரை மட்டும் நிறுத்தி, அவருடைய செருப்பையும் துணிப்பையையும் நோக்கி, ‘இங்கே உனக்கு என்ன வேலை?’ என வினவினார். நண்பர் விடையொன்றும் கூறவில்லை. உள்ளே சென்ற பின்னரும் சுவரோரமாகவே நடந்தார்; எப்பொருளையும் கையால் தொட்டிலர். புதியவனை ஐயுறுதல் நகர்க்கு எளிது. மதுரையில் கோவலன் கள்வன் எனப்பட்டபொழுது, ‘இவனை யாம் அறிவோம்’ என்று சொல்ல அந்நகரில் ஒருவரும் முன்வந்திலர் என்பதைக் காப்பியம் கற்றார் மறவார்.

அங்கிருந்து எழும்பூர் சென்று, பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம் புகுந்தோம். அது 1851-ஆம் ஆண்டு தோன்றியது. நுழைவுச் சீட்டுப் பெற்றோம். அதன்மேல் எம்மை எவரும் ஒன்றும் வினவவில்லை. செப்புத் திருமேனிகள் வைத்த கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் நண்பர் நெடுநேரம் நின்றார். ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு, ‘இது காலையில் நம் வண்டி கடந்துவந்த ஊரன்றோ?’ என்றார். ஆம், அரக்கோணத்தைக் கடந்து சென்னை நோக்கி வரும் வழியிலுள்ள ஊரே அது. விரைவு வண்டி நில்லாது கடக்கும் அவ்வூரிற் கிடைத்த திருமேனியை உலகத்தார் வந்து கண்டு செல்கின்றனர். அதன்பின் நண்பர் சுவரோரமாக நடக்கவில்லை.

எம் கருத்து இதுவே: நகரத்திலுள்ள பெரும்பொருள்கள் சிற்றூர்கள் ஈந்தவை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்தவை அவ்வருங்காட்சியகத்தில் உள. அதனை அடுத்திருப்பது 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒருபடி அதற்குச் சேரவேண்டும். எம்மூர்ச் சிறு பதிப்பகம் வெளியிடும் நூலுக்கும் அங்கே இடம் உண்டு என்பது இதனாற் பெறப்படும். அஃதாவது, சிற்றூர் மாணவர் அங்கே விருந்தினரல்லர், உரிமையாளர். உரியவன் தன் உடைமையைக் காணாதிருத்தல் முறையோ?

‘இவையெல்லாம் இப்பொழுது கைப்பேசியிலேயே காணக் கிடைக்கும், பயணம் எற்றுக்கு?’ என்பார் உளர். படம் உருவத்தைக் காட்டும். அளவையும் எடுப்பையும் காட்டாது. அன்றியும், நகர வாயிலில் தலைகுனிந்தவர் தம் உரிமையை உணர்ந்து தலைநிமிர்தல் அவ்விடம் சென்றாலன்றிக் கைகூடாது.

துணை வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஊர்காண் காதையில் கோவலன் மணிவீதியும் பொன்வீதியும் கூலவீதியும் தனியே கண்டு மீண்டான். தனியே காண்பவன் வியப்பான். இருவர் காணின் வினாப் பிறக்கும். மெரீனாக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவிய சிலைகள் வரிசையாக உள. அவற்றுள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவர் பெயரும் மிஷன் கல்லூரியிற் பயிலும் எமக்குப் பழகியவை. சதுரகராதி 1732, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856, திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886 என யாம் அடுக்கிச் சொன்னோம். நண்பர் கேட்டுவிட்டு, ‘இவர்கட்குத் தமிழ் கற்பித்தவர்க்குச் சிலை எங்கே உளது?’ என்றார். வீரமாமுனிவர்க்கு ஆசிரியர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழக்கு. அவர்க்கு அவ்வரிசையில் இடமில்லை. தமிழ் பயிலும் எமக்குத் தோன்றாத வினா பொருளியல் பயில்வார்க்குத் தோன்றிற்று. அச்சாலையின் மறுபுறம் மாநிலக் கல்லூரி. அங்கே 1903 முதல் 1919 வரை ஆசிரியராயிருந்த சாமிநாதையர், ஊர் ஊராகச் சென்று தேடிய ஏடுகளினின்று பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தவர். அவர் சிலை முன்னும் அவ்வினா எம்மோடு வந்தது. ஏடு காத்துக் கொடுத்த இல்லத்தார் எத்துணையர்! அவரை அறிவார் யார்?

ஆகலின் எம் கல்லூரித் தலைவர்கட்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஐம்பதின்மரை ஒரு பேருந்தில் ஏற்றிப் பத்து இடங்களுக்கு விரைந்து கொண்டுசெல்லும் சுற்றுலாவினும், இருவர் இருவராக மாணவரை அனுப்புதல் நன்று. இருவரும் வெவ்வேறு துறையினராக இருத்தல் வேண்டும். இயலாதார்க்கு வண்டிக் கட்டணத்தை மாணவர் நிதியினின்று உதவலாம். அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாதலின் அந்நாளை விலக்குக. இரண்டு மூன்று இடங்களே காண்க, மிகுதி வேண்டா. திரும்பி வந்தோர் தமிழ் மன்றத்தில் பத்து நிமிடம் கண்டது கூறுக. கூறுமிடத்துத் தம் உள்ளத்தெழுந்த வினா ஒன்றையேனும் அவைமுன் வைக்குக.

மாணவ நண்பர்களே, பொருள் பெற்று மீளும் பாணன் எதிர்வரும் பாணனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. நீவிரும் நகர் கண்டு வருமின். வந்து, நும் பின்னே வருவோர்க்கு வழி கூறுமின். எவ்வாயிலில் எவர் தடுப்பினும், உள்ளிருப்பவற்றுள் நுமக்குரியவை பல என்பதையும் அவர்க்குச் சொல்லுமின்.