நினைவு நாளில் ஒரு சொல்

இறப்பு நிகழ்ந்த வீட்டில் அன்று ஊரே திரளும். ஆண்டு திரும்பி அந்நாள் வரும்போதோ வாயில் வெறிச்சோடிக் கிடக்கும். "மறந்த துயரை ஏன் கிளற வேண்டும்?" என்று அயலார் ஒதுங்குவர். இழந்தவர் மறப்பதில்லை. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். 20 ஆண்டுகள் கடந்த பின்னும் பெற்றோர் அந்நாளில் மலர் தூவி, விளக்கேற்றிக் கண்ணீர் வடிக்கின்றனர். ஊரறிந்த அத்துயருக்கு ஊரார் துணை நிற்கின்றனர். ஒரு வீடு மட்டும் சுமக்கும் துயருக்கோ அயலாரே துணை. ஆதலின் அந்நாளை நினைவிற்கொண்டு அவ்வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். நீண்ட ஆறுதலுரை வேண்டா. மறைந்தவரின் பெயரை அன்போடு சொன்னாலே போதும். தம் அன்புக்குரியவரைப் பிறரும் மறக்கவில்லை என்று அறிவதே, துயருற்றார்க்குப் பெரும் ஆறுதலாகும்.