வாசலில் பேய் பொம்மை, வீட்டுக்குள் தீபாவளி!

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன் திண்டுக்கல்லில் தையல் வகுப்புக்குப் போயிருக்கிறேன். கணவரின் வேலை காரணமாக இப்போது அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறேன். சென்னையில் இருக்கும் என் தங்கை போன வாரம் போனில், "அக்கா, எங்க அபார்ட்மென்ட்ல ஹாலோவீன் கொண்டாடப் போறாங்களாம். கடையில பிளாஸ்டிக் மண்டை ஓடெல்லாம் விக்குது, வாங்கவா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதத் தோன்றியது.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31-ஆம் தேதி இங்கே வரும் பண்டிகை. அயர்லாந்து பக்கம் அறுவடை முடிகிற அந்த நாளில், இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று பழங்காலத்தில் நம்பினார்களாம். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிழைக்க வந்த ஐரிஷ்காரர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு வர, இங்கே அது பூசணிக்காய் ஆகிவிட்டது. மறுநாள் நவம்பர் 1 புனிதர்கள் திருநாள், அதற்கடுத்த நாள் நம் ஊர் கிறிஸ்தவ சகோதரிகளும் கடைப்பிடிக்கும் கல்லறைத் திருநாள். இதெல்லாம் இங்குள்ள நூலகத்தில் படித்துத் தெரிந்து கொண்டது.

இப்போது நடப்பதோ வேறு. செப்டம்பரிலேயே கடைகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடும், காற்றடித்த ராட்சதப் பேயும் குவிந்துவிடும். நவம்பர் பிறந்தால் பாதி விலை. வாங்கியதில் பாதி குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

என் மகளுக்கு ஏழு வயது. "எல்லார் வீட்லயும் வச்சிருக்காங்க, நம்ம வீட்ல மட்டும் இல்ல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாள். கடைக்குப் போய் விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். எனக்கு இங்கே வேலைக்குப் போக விசாவில் அனுமதி கிடையாது. பழைய தையல் மிஷின் ஒன்று மலிவாக வாங்கிப் போட்டிருந்தேன். 'இது எதற்கு இருக்கிறது?' என்று அன்று ராத்திரியே உட்கார்ந்து விட்டேன்.

சாயம் மங்கிய ஆரஞ்சு நிற நூல் புடவையில் பூசணி. 18 அங்குல நீளம், 9 அங்குல அகலத்தில் ஒரு துண்டு. நல்ல பக்கத்தை உள்ளே வைத்து மடித்து, குறுகிய இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் குழாய் மாதிரி வரும். அடியில் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இறுக்கிச் சுருக்கி முடிச்சுப் போட்டுத் திருப்புங்கள். உள்ளே வெட்டுத் துணிகளை அடைத்து, மேல்புறத்தையும் அதேபோல் சுருக்குங்கள். பிறகு கனமான நூலை அடி மையத்திலிருந்து மேல் மையத்துக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஆறு இடத்தில் இழுத்துக் கட்டினால் பூசணியின் வரிகள் அப்படியே வந்துவிடும். காம்புக்கு ஒரு சுள்ளி போதும்.

கம்பி உடைந்த கறுப்புக் குடையின் துணியைப் பிரித்தால் எட்டு முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் சுருக்கிக் கட்ட வௌவால் ரெடி. அவருடைய கிழிந்த வேட்டியைச் சதுரமாக வெட்டி, துணிப் பந்தின் மேல் போர்த்திக் கழுத்தில் நூல் கட்டினால் குட்டிப் பேய். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோக்கப் பழகினாள்.

2024-ல் தீபாவளியும் அதே அக்டோபர் 31-ல் வந்தது. என் மாமியார் அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தவர், "ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா, எம்மவன் கட்டுன வேட்டியக் கிழிச்சு வாசல்ல பேயத் தொங்க விட்டிருக்கியே, வீடு வெளங்குமா?" என்று சத்தம் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நாள் ராத்திரி கண் விழித்துத் தைத்தது. என் வீட்டுக்காரரோ, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று நழுவிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, நம்ம ஊர்ல புது வீட்டுக்கு முன்னாடி திருஷ்டிப் பூசணிக்காயில பூத முகம் எழுதிக் கட்டுறோமே?" என்றேன். "அது கண்ணு படாம இருக்க. இது எதுக்கு?" என்றார். படித்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப மகாளய அமாவாசை மாதிரின்னு சொல்லு. ஆனா செத்தவங்களுக்கு நாம இலை போட்டுக் கும்பிடுவோம். பொம்மை செஞ்சு பயங்காட்ட மாட்டோம்" என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. பேய்களையும் வௌவால்களையும் தெருவோர மரத்துக்கு மாற்றினேன். கோலத்துக்குப் பக்கத்தில் பூசணிகள் மட்டும் இருந்தன. துணி என்பதால் அகல் விளக்குகளை நன்றாகத் தள்ளி வைத்தேன்.

சாயங்காலம் வேஷம் போட்ட குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். அத்தை ஆசையாக முறுக்குத் தட்டோடு வந்தார். இங்கே தெரியாதவர் வீட்டில் செய்த பண்டத்தைப் பிள்ளைகளுக்குத் தரமாட்டார்கள், உறை பிரிக்காத மிட்டாய்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அப்புறம் சாக்லேட் கூடையை வாங்கிக்கொண்டு, "எடுத்துக்கோ கண்ணு" என்று தலைக்கு இரண்டாக அவரே கொடுத்தார். "பச்சப் புள்ளைங்க, இதுகளப் பார்த்தா பயந்தேன்!" என்று சிரித்தார். மறுநாள் நான் கழற்றி வைக்கும்போது, "அந்தப் பூசணிக்குக் காம்பு ஆடுது, ரெண்டு தையல் போடு. அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்றாரே பார்க்கலாம்!

தோழியரே, வராத பண்டிகையை வலிய இழுத்து வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று நினைத்தால் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் பிள்ளையின் பள்ளியிலோ குடியிருப்பிலோ கொண்டாடித்தான் ஆக வேண்டும் என்றால் கடைக்கு ஓடாதீர்கள். பரணில் இருக்கும் பழைய துணி மூட்டையை அவிழுங்கள். ரத்தமும் மண்டை ஓடும் வேண்டாம். பூசணியும் வௌவாலும் போதும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் கண்ணுக்குப் பட்டன், மணி வைக்காமல் நூலாலேயே தையுங்கள். பிய்த்து வாயில் போட்டுவிடும். விளக்கு, மெழுகுவத்தி பக்கத்தில் வைக்கவே கூடாது.

இன்னொன்று, எந்த நாட்டுப் பண்டிகையாக இருந்தாலும் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் நல்ல நாளில் கண்ணீர் விட்டேன்.

நான் தைத்த பூசணிகள் இன்னும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. என் தங்கையும் புடவை தேடத் தொடங்கிவிட்டாள். என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, நியூஜெர்சி, அமெரிக்கா.