மூத்தோரை இழந்த யானைகள்

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் தேசியப் பூங்காவில் 1992 முதல் 1997 வரையிலான காலத்தில் 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. கொன்றவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர். அப்பூங்காவின் இளங்களிறுகளே அவற்றைக் குத்திக் கொன்றன. இயல்பாக யானை காண்டாமிருகத்தைத் தேடிச்சென்று தாக்கும் விலங்கன்று.

இக்களிறுகள் குரூகர் தேசியப் பூங்காவில் பிறந்தவை. யானைகள் பெருகிவிட்டன என்று கருதிய அப்பூங்கா, 1967 முதல் 1994 வரை கூட்டம் கூட்டமாக அவற்றைச் சுட்டுக் கொன்றது. தாயும் பாட்டியும் வீழ்ந்த இடத்திலேயே கன்றுகள் பிடிக்கப்பட்டு வேறு பூங்காக்களுக்கு அனுப்பப்பட்டன. வளர்ந்த யானைகளை ஏற்றிச்செல்லும் வண்டிகள் அன்று இல்லை என்பதும் உண்மையே. கன்றுகளையேனும் காத்தது கருணையன்றோ எனக் கேட்கலாம். கருணைதான். ஆனால், அக்கருணை யானையைத் தலைக்கணக்காக மட்டுமே பார்த்தது. ஒரு கன்று யானையாக வளர்வதற்குப் புல்லும் நீரும் போதும் என்று நம்பியது.

காட்டில் களிற்றுக்குப் பெரும்பாலும் 25 வயதுக்குப் பின்னரே மதம் பிடிக்கும். அப்போதும் வலிய மூத்த களிறு எதிர்ப்பட்டால் இளையதன் மதம் அடங்கிவிடும். பிலானஸ்பெர்க்கில் அடக்குவதற்கு மூத்த களிறே இல்லை. 18 வயதிலேயே மதம் பிடித்தது. மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்தது. கொலைகார யானைகள் எனச் சில சுட்டு வீழ்த்தப்பட்டன. குற்றவாளியைத் தண்டித்துவிட்டதாக மனிதருக்கு ஒரு நிறைவு, அவ்வளவே, கொலைகள் நிற்கவில்லை. 1998-ஆம் ஆண்டு குரூகரிலிருந்து ஆறு மூத்த களிறுகள் கொண்டுவரப்பட்டன. இளையவற்றின் மதக்காலம் குறுகியது. காண்டாமிருகக் கொலைகளும் ஓய்ந்தன.

இவ்வெற்றியைச் சொல்வோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். பிடிகளின் நிலையோ வேறு. யானைக் குடும்பத்தை நடத்துபவள் மூத்த பிடி. அயல் குரலை அறிந்து, கூட்டத்தை நெருங்கி நிற்கச் செய்பவள் அவளே. கென்யாவின் அம்போசெலியில் குடும்பம் சிதையாமல் வாழும் யானைகளுக்கும் பிலானஸ்பெர்க் யானைகளுக்கும், பதிவுசெய்த பிடிகளின் குரல்களை ஒலிபெருக்கியில் கேட்கச்செய்து ஆராய்ந்த முடிவுகள் 2013-இல் வெளியாயின. அம்போசெலி யானைகள் அறிந்த குரலையும் அறியாத குரலையும் பிரித்துணர்ந்தன. வயது முதிர்ந்த பிடியின் குரலுக்குக் கூடுதல் எச்சரிக்கை காட்டின. பிலானஸ்பெர்க்கின் பிடிகள் அப்போது தாமே கன்றுகளை ஈன்று குடும்பங்களை நடத்திவந்தன. அவற்றுக்கு எல்லாக் குரல்களும் ஒன்றாகவே இருந்தன.