ராத்திரி 10 மணிக்கும் மாடி வீட்டில் அனல் குறையலையா? மதுரையின் பழைய ‘மச்சு’ காட்டும் வழி!

கத்திரி நேரத்தில் மதுரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. ஆனா மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கஷ்டமே பொழுது சாய்ந்த பிறகுதான். ராத்திரி 10 மணிக்கு ஃபேனைப் போட்டாலும் அடுப்படியில் நிற்கிற மாதிரி காற்று வரும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு அரசு, உயிரிழப்போர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றது. தெருவில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு மட்டுமான ஆபத்து இல்லை இது. வீட்டுக்குள் படுத்திருக்கும் முதியவர்களுக்கும் இருக்கிறது.

ராத்திரியில் ஏன் இந்தச் சூடு?

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சில மணி நேரம் கழித்துத்தான் அது கீழே இறங்கும். கூரை வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதை ‘யு மதிப்பு’ என்ற அளவால் சொல்வார்கள். குறைவாக இருந்தால் நல்லது. 2018-ல் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ விதிப்படி, வீட்டுக் கூரைக்கு இது 1.2-ஐத் தாண்டக் கூடாது. மேலே எதுவும் போடாத 5 அங்குல கான்கிரீட்டுக்கு 3-க்கும் மேலே போகும். ஆனா அந்த விதி பெரிய மனைகளுக்கானது. 3 சென்ட் வீட்டை யாரும் வந்து அளக்கப்போவதில்லை.

மச்சு என்ன செய்தது?

பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டுக்குக் கீழே மரச்சட்டம் அடுக்கி, மேலே பலகை போட்டிருப்பார்கள். அதுதான் மச்சு. தானியப் பானை, பித்தளை அண்டா எல்லாம் அங்கேதான் ஏறும். ஓட்டின் சூடு முதலில் அந்த இடைவெளிக் காற்றில் தங்கி, ஓட்டுச் சந்து வழியாக வெளியேறும். பலகையைத் தாண்டி வீட்டுக்குள் வருவது கொஞ்சம்தான். சாமான் வைக்கும் இடமே வெப்பத் தடுப்பாகவும் இருந்தது.

இன்றைய கான்கிரீட் பரண் அப்படி இல்லை. அது தளத்துக்குக் கீழே, அறைக்குள்ளேயே இருக்கிறது. சாமான் வைக்கலாம், சூடு குறையாது.

இப்போ என்ன செய்யலாம்?

தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் மச்சை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். சட்டங்கள் சுவரில் உட்கார வேண்டும். ஷீட்டிலோ அதன் பைப்பிலோ தொங்கவிடக் கூடாது. சட்டங்களுக்கு நடுவே கண்ணாடிக் கம்பளி வைத்து, அதை அமுக்காத உயரத்தில் பலகை அடிக்க வேண்டும். அமுங்கினால் காசு வீண், ஏனென்றால் வெப்பத்தைத் தடுப்பதே அதற்குள் இருக்கும் காற்றுதான். இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுப்போக்கி அவசியம். ஒயரை அந்தக் கம்பளிக்குள் புதைக்கக் கூடாது, சூடேறும். ஆஸ்பெஸ்டாஸைத் துளை போடவே வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தெர்மோகோல் ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டு, அதன் மேலேயே பழைய துணி மூட்டையை ஏற்றுவது. அது பாரம் தாங்காது, தீப்பிடித்தால் உருகிக் கீழே சொட்டும்.

கான்கிரீட் வீட்டுக்குத் தடுப்பு மேலேதான் வர வேண்டும். அப்போதுதான் தளமே சூடாகாது. முதலில் விரிசலை அடைத்து நீர்க்கசிவுத் தடுப்பு, அதன் மேல் 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை, அப்புறம் வலை வைத்த மெல்லிய கான்கிரீட், கடைசியாக வெள்ளை டைல். யு மதிப்பு 1-க்குக் கீழே வந்துவிடும். டிவி பெட்டியில் வரும் சாதா தெர்மோகோல் இதற்கு உதவாது.

அந்தத் தளத்தில் சாமான் வைக்கலாமா? ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இலகுவான பெட்டிகள் பரவாயில்லை. செங்கல் அடுக்கவோ, புதுசாகத் தண்ணீர்த் தொட்டி வைக்கவோ பொறியாளரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மச்சாக இருந்தாலும் மாடியாக இருந்தாலும் பெயின்ட் டப்பா, மருந்து, குடும்ப போட்டோ ஆல்பம் மூன்றும் மேலே போகக் கூடாது.

வாடகை வீடு என்றால்?

சிக்கலே இங்கேதான். செலவு ஓனருக்கு, சூடு குடியிருப்பவருக்கு. பேச்சுவார்த்தை நடக்காத வீட்டில், அனுமதி வாங்கி மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதுதான் மலிவான வழி. வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தாலும் மழையில் கரைந்தாலும் பலன் குறையும் என்பதால், வருஷா வருஷம் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.