மாமியும் மொறிஸும் மார்கழியும்

திருவெம்பாவை தொடங்கினால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் விடியப்புறம் நாலரைக்கு இருமத் தொடங்குவார்கள். ஒன்று மாமி. மற்றது என் 948 சிசி மொறிஸ் மைனர். மாமிக்குக் கொத்தமல்லித் தண்ணி போதும். மொறிஸுக்கு என்ன கொடுப்பதென்று மூன்று மார்கழியாக எனக்குப் பிடிபடவில்லை. கல்லடியிலிருந்து பாலம் தாண்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகிற நேரத்தைவிட, கார் ஸ்ராட் ஆகிற நேரம் அதிகம்.

“கார் குளிர்ந்து போச்சு” என்று சொன்னால் கொழும்பிலிருக்கும் மகன் சிரிக்கிறான். நுவரெலியா என்றால் நியாயம், அங்கே தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும். எங்களுக்கு மாரிகாலத்து விடியலிலும் 22, 23 பாகைதான். ஆனால் ஓடும்போது 80 பாகை வரை சூடேறுகிற எஞ்சினுக்கு அதுவும் குளிர்தான். பெற்றோல் ஆவியானால்தான் பற்றும். குளிர்ந்த எஞ்சினில் பாதி ஆவியாகாமல் துளித்துளியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை நிரப்பத்தான் சோக். பல கார்களில் சோக்கை இழுத்தால் ஒரு தகடு காற்றை மறிக்கும். மொறிஸின் எஸ்யூ காபரேட்டரில் தகடு கிடையாது. ஊசி இறங்குகிற சிறுகுழாயே கீழே போய் பெற்றோலுக்கு வழி விடும்.

இந்த ஆவிக் கணக்கை எனக்குப் படிப்பித்தது யாழ்ப்பாணம். 1990களின் முற்பகுதி, பொருளாதாரத் தடைக்காலம், நான் அங்கே பல்கலைக்கழகத்தில். பெற்றோல் என்பது மருந்துபோல அவுன்ஸ் கணக்கில் கைமாறிய பொருள். ஏ போர்ட்டிக் கார்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிட்டத்தட்ட 38 பாகை சூடு வரும்வரை மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றாது. அதனால் ஒவ்வொரு சாரதியிடமும் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். காபரேட்டரின் வாயில் சில துளி பெற்றோல், ஸ்ராட், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். இடையில் நின்றுவிட்டால் போத்தலில் மிச்சம் இருக்கவேண்டுமே என்று பயணம் முழுக்க ஒரு பதைப்பு. தெருவெல்லாம் குப்பிவிளக்கு அணைத்த மணம். கல்லடிக் கடற்கரையில் மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோல் காட்டி எழுப்பும் மீனவரைப் பார்த்தால் இப்போதும் எனக்கு அந்த மணம் வரும்.

அவ்வளவு படித்தும் என் கார் எழும்பவில்லை. கராச்சுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு தட்டில் ஸ்ராட் ஆகிவிடும். ஓடிப்போன கார் சூடாக அல்லவா இருக்கும்! டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி. ஒரு கராச்சில் பிளக் மாற்றினார்கள், இன்னொன்றில் கொயில் மாற்றினார்கள். கழற்றிய பிளக்கும் கொயிலும் நல்லவைதான் என்று பிறகு தெரிந்தது.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு வயதான மெக்கானிக் காரைத் தொடவே மறுத்தார். “சேர், இத இஞ்ச கொண்டு வந்தா என்னத்தப் பாக்குற? நாளைக்கி சுபஹ் தொழுதுட்டு நான் வாறன். அதுவரைக்கும் சாவிய யாரும் தொடாதீங்க.”

வந்தார். முதலில் கேட்டார், பார்க்கவில்லை: ஸ்ராட்டர் சோம்பிச் சுற்றுகிறதா, சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லையா? சோம்பல்தான். பற்றரி முனைகளில் வெண்பச்சைப் பூ பூத்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியில் செம்பு அப்படித்தான் பூக்கும். சுடுதண்ணி ஊற்றிக் கழுவி, சுரண்டி, கிறீஸ் தடவினார். முனை பிடிக்காவிட்டால் இருக்கிற மின்சாரத்தை ஸ்ராட்டரே விழுங்கிவிடும், கொயிலுக்கு மிச்சம் வராது, பொறி மெலியும். இப்போது சுறுசுறுப்பாகச் சுற்றியது. பற்றவில்லை.

“லைட்ட நூருங்க, காக்காக்கு ஒண்டு காட்டுது” என்றார், தன்னையே சொல்லி. முற்றத்து விளக்கை அணைத்தேன். பொனட் திறந்தபடி. “இப்ப சுத்துங்க.” இருட்டில், டிஸ்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிளக்குகளுக்குப் போகிற வயர்களின் மேலே நீலமாக ஏதோ ஊர்ந்தது, மின்மினி நடப்பதுபோல. பழைய ரப்பர் வெடித்து, வாவியிலிருந்து வந்த ஈரம் அதில் இறங்கி, பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் வழியிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் ஈரம் காயும், கார் ஓடும். பகலில் எந்தக் கராச்சிலும் அந்த நீலம் தெரியாது. மூன்று வருடமாக நான் குளிரைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

மூடியைக் கழற்றி உள்பக்கத்தையும், வயர்களையும் சாரத்துத் தலைப்பால் துடைத்தார். இரண்டாம் தட்டில் மொறிஸ் எழும்பியது. பிளேன்ரீ குடித்துவிட்டு, வயர் செற் வாங்கச் சொல்லி, கொயிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போனார்.

வயர் மாற்றியாயிற்று. ஆனால் கார் இருமுகிற அந்த நேரத்தில்தான் மாமி பூமாலை கட்டி முடிப்பாவாம். இப்போது மொறிஸ் முற்றத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து மாமி, “நிப்பாட்டு தம்பி, இன்னும் நாலு பூத்தான்” என்கிறா.