வாரிசு இல்லாத தோப்பு

சென்னை அடையாற்றங்கரையில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் வரிசைகட்டி நின்றன. கைமாறக் கைமாறப் பெரும்பாலானவை மனைகளாகின, மனைகள் அடுக்குமாடிகளாகின. 1882இல் ஆன்மிக அமைப்பான பிரம்மஞான சபை வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் தப்பியது. முதலில் 27 ஏக்கர்தான். சபைத் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் காலத்தில் பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்தன. இன்று ஏறக்குறைய 260 ஏக்கர்.

சபைக்குப் பிள்ளைகுட்டி இல்லை, ஆகவே பாகப்பிரிவினையும் இல்லை. மரங்கள் பிழைத்ததில் சபையின் தத்துவத்தைவிட இதற்கே பங்கு அதிகம். (வெளிநாட்டு மரங்களையும் நட்டு வளர்த்த தோப்புதான் அது, அசல் காடு என்று சொல்ல முடியாது.)

அசல் புதர்க்காட்டுக்குக் கிண்டிக்குப் போக வேண்டும். கில்பர்ட் ரிக்கெட்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் இருந்த அந்த நிலத்தை 1821இல் அரசு வாங்கியது. தனியார் கையை விட்டு அரசிடம் வந்துவிட்டால் காட்டுக்கு ஆபத்தில்லை என்று தோன்றும். நடந்தது வேறு. 1950களின் இறுதியில் ஒரு பகுதி ஐஐடிக்குப் போயிற்று. தலைவர்களின் நினைவகங்களுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். மிஞ்சிய சுமார் 270 ஹெக்டேர் 1978இல்தான் தேசியப் பூங்காவானது.

இன்னும் தனியார் கையில் இருக்கும் காடுகளுக்கும் ஒரு காப்பு உண்டு. அப்படிப்பட்ட காட்டை விற்கவும், மரம் வெட்டவும் முன் அனுமதி வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1949ஆம் ஆண்டுச் சட்டம். நல்லதுதான். ஆனால், வாங்குபவர் அந்தக் காட்டைப் பராமரிக்க அது ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. களை எடுக்கவும் கன்று காக்கவும் ஆள் வைப்பது அவர் பாடு.