சுற்றியே வரட்டும் குழாய்

டர்போ காரை வாங்கித் தன் கைப்பட மாற்றிக் கட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, அதற்காக பாடித் தகட்டை வெட்டினாலும் தப்பில்லை என்பதே அது. ஜப்பானின் நிசான் சில்வியா எஸ்13 காரை எடுத்துக்கொள்வோம். 1991-இல் அதற்கு 205 குதிரைத்திறன் கொண்ட 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் வந்தது. கம்பெனி கொடுத்த இன்டர்கூலர் சிறியது. முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் பெரியதை வைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. மறுபக்கத் தகட்டில் புதுத் துளை வெட்டி நேராக எஞ்சினுக்குக் கொண்டுபோகலாம். அல்லது குழாயை முகப்பின் குறுக்கே திருப்பிக் கொண்டுவந்து, கம்பெனி விட்ட பழைய துளை வழியாகவே நுழைக்கலாம். இரண்டாவதே மேல் என்பது என் கட்சி.

குழாய் நீண்டால் அதை நிரப்பவே நேரம் போய்விடும், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுவை தாமதமாகும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை அங்குலக் குழாய் ஒரு மீட்டர் கூடினால் உள்ளே ஏறத்தாழ 3 லிட்டர் இடம் கூடும். அங்கே 1 பார் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், ஏற இன்னொரு 3 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். 2 லிட்டர் எஞ்சினோ நிமிடத்துக்கு 3000 சுற்றில், டர்போ உதவியில்லாமலே, விநாடிக்கு 50 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கிறது. ஆக, அந்த ஒரு மீட்டருக்கு நாம் கொடுக்கும் விலை விநாடியில் நூறில் ஆறு பங்கு. டர்போ சக்கரம் வேகம் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு முன்னால் இது தூசு. காற்றுக்கு நீளத்தைவிட வளைவே பெரிய இடைஞ்சல். துண்டு துண்டாக ஒட்டிய கூர்மையான திருப்பங்களைத் தவிர்த்து, ஒரே குழாயை அகலமாக வளைத்துப் போட்டால் அதிலும் பாதித் தொல்லை தீரும்.

பூஸ்ட் உண்மையில் தொலைவது மூட்டுகளில்தான். 1 பார் அழுத்தம், அந்த அளவுக் குழாயின் வாயை ஏறத்தாழ 30 கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. குழாய் முனையில் சுற்றிலும் மேடு எழுப்பாமல், வழவழப்பான அலுமினியத்தில் சிலிகான் ஹோஸை மாட்டி எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் நழுவும். போதாக்குறைக்கு, எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு மிதிக்கும் சாய்ந்து எழுகிறது. இன்டர்கூலர் பாடியோடு இறுகியிருக்கிறது. குட்டைக் குழாயில் அந்த ஆட்டம் முழுவதும் ஓரிரு ஹோஸ் துண்டுகளின் தலையில் விழும், வெட்டிய தகட்டின் விளிம்பும் குழாயை உரசும். நடுவே பிராக்கெட்டில் தாங்கிய நீளக் குழாய்க்கு அசைய இடம் உண்டு. இந்த எஞ்சினில் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதனால் பிறகு கசியும் காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றப்படுகிறது. சைலன்சரில் கரும்புகை வந்தால், டியூனிங்கைக் குறைசொல்லுமுன் மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது நல்லது.

வெப்ப விஷயத்தில் நேர்வழிக்குக் கொஞ்சம் சாதகம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று 1 பார் அழுத்தத்தில் 120 டிகிரியை எட்டிவிடும் என்பதால், இன்டர்கூலருக்கு முந்தைய குழாய் எங்கே ஓடினாலும் பெரிய நஷ்டமில்லை. குளிர்ந்த பிறகு வரும் குழாயைத்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். நெரிசலில் நின்று கிளம்பும்போது அது சுடத்தான் செய்யும். ஓட ஆரம்பித்துவிட்டால் காற்று அந்தக் கூடுதல் மீட்டரை இமைப்பொழுதில் தாண்டிவிடுகிறது, சூடேற அவகாசம் குறைவு.

3 அங்குலக் குழாய்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். 6000 சுற்றில்கூட இரண்டரை அங்குலத்தில் காற்று விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. குழாயே தடையாகும் வேகம் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. அதைவிடப் பெரிய குழாயை வாங்கினால் பழைய துளையில் நுழையாது. பிறகு வெட்டுமெஷினைத்தான் எடுக்க வேண்டிவரும்.